பெருக்கிய காடு

அப்பா விடியும் முன்பே எழுந்துகொண்டது தப்பு. கையில் துடைப்பம் அகப்பட்டது அதைவிடப் பெரிய தப்பு.

தெருக் கூட்டத் தொடங்கி, கூட்டுகிறவர்களுக்கு மேஸ்திரியாகி ஓய்வு பெற்றவர் அவர். அதிகாரி வருகிறார் என்றால் ஒரு பீடித் துண்டுகூடக் கண்ணில் படக்கூடாது. அதுதான் அவர் தொழிலில் கற்ற முதல் பாடம். மகள் ஆராய்ச்சி செய்யும் காட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். முந்தின மாலை மகள், "நாளைக்கு என் ஆராய்ச்சிய மேற்பார்வை பண்ற மேடம் வர்றாங்கப்பா. இந்த வேலைக்கு இன்னும் ஒரு வருஷம் மேலிடத்துல கேட்டு வாங்கித் தருவாங்களான்னு நாளைக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

அவள் எதைப் படிக்கிறாள் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. கேட்டபோதெல்லாம் "காட்டைப் பத்திப்பா" என்று முடித்துக்கொள்வாள். குப்பை அள்ளிப் படிக்கவைத்த அப்பாவிடம் போய், நானும் மரத்தடிக் குப்பையைத்தான் படிக்கிறேன் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். படித்த கூச்சம் லேசில் போகாது.

காட்டில் அவள் தங்கியிருந்த அறைக்குப் பின்னால் இருந்தவை நட்டு வளர்த்த மரங்கள். ஒரே இனம், ஒரே உயரம், பிசகாத வரிசை. அடியில் தோல் மாதிரி தடித்த சருகு, மக்காமல் வருடக்கணக்கில் கிடக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் தானாக முளைத்த பழைய காடு. அங்கே பல வகை இலைகளும் கலந்து விழும். பூஞ்சையும் புழுவும் தின்று சீக்கிரமே கறுப்பு மண்ணாக்கிவிடும். அந்தக் கலவைச் சருகை மூட்டை மூட்டையாகத் தூக்கிவந்து, நட்ட மரங்களுக்கு அடியில் கயிறு கட்டிய கட்டங்களில் பரப்பியிருந்தாள் மகள். செத்த தரைக்கு உயிர் வருமா என்று பார்க்கத்தான். வரத் தொடங்கியிருந்தது. மண்புழு வந்திருந்தது. சருகுக்கடியில் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருந்தது. மேடத்திடம் காட்ட அவளிடம் இருந்தது இது ஒன்றுதான்.

அப்பாவின் கண்ணுக்கு அந்தக் கட்டங்கள்தான் படுமோசமாகத் தெரிந்தன. ஈரம், அழுகல், பூச்சி. பெண்ணின் மானம் போய்விடும் என்று பதறினார். சுற்றிலும் கயிறு வேறு கட்டியிருந்ததா, சுத்தம் செய்யவேண்டிய இடத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்றே முடிவுகட்டிவிட்டார். பல்கூட விளக்கவில்லை. கூட்டி, வாரி, எல்லாவற்றையும் பள்ளத்தில் கொட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி மகளுக்காகக் காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

மகள் வந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்பு வடிந்தது. கத்தியிருந்தால் தேவலை. அவள் கத்தவில்லை.

"அள்ளிட்டு வந்து திரும்பப் போட்டுடறேம்மா."

"முடியாதுப்பா. மேல புதுசு, நடுவுல பாதி மக்கினது, அதுக்கும் கீழ மண்ணு. எல்லாம் கலந்துபோச்சு."

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. துடைப்பத்தை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. அதற்குள் மேடத்தின் வண்டி வந்து நின்றது.

"யார் பண்ணினது இதை?" வெறுமையாகக் கிடந்த கட்டங்களைப் பார்த்ததுமே கேட்டார் மேடம்.

மகள் வாயைத் திறந்தாள். அப்பா முந்திக்கொண்டார். "நான்தாங்க. பெருக்க வந்த ஆளு. விவரம் தெரியாமப் பண்ணிட்டேன்."

மகள் அவரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

"யாரைக் கேட்டு இதுல கை வெச்சே?" மேடத்துக்கு மூச்சு வாங்கியது. "உனக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணுங்க."

"என்ன பண்றா?"

"படிக்கிறாங்க."

"அவ ராப்பகலா கஷ்டப்பட்டதை ஒருத்தன் வந்து இப்படி வாரிக் கொட்டினா, அவனை நீ சும்மா விடுவியா?"

"விடமாட்டேங்க" என்றார் அப்பா.

"மேடம், அந்தப் பொண்ணு நான்தான்" என்றாள் மகள். "இவர் எங்க அப்பா."

மேடம் அப்பாவின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்கய்யா" என்று முணுமுணுத்தார். பிறகு மகளிடம், "இதை வெச்சு நான் இன்னொரு வருஷம் கேட்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு நடந்தார்.

வண்டி போகும்வரை அப்பா தலை நிமிரவில்லை. "பேசாம இருந்திருக்கலாம்ல கண்ணு? நான்தான் வெளியாளா நின்னுட்டேனே. தெருக்கூட்டியோட பொண்ணுங்கிற பேரு எதுக்கு உனக்கு?"

"என்னை நெனச்சாத்தான்ப்பா எனக்கு அசிங்கமா இருக்கு." அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "நீங்க வெளியாளுன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு."