மாவடிப்பள்ளியில் ஒரு பிரதி

தான் மௌத்தாகிவிட்டதாக ஊரில் கதை பரவியிருப்பது அப்துல் கபூருக்குத் தெரியவந்ததே, பக்கத்து வீட்டுச் சரீபா தேத்தண்ணிக் கேத்தலோடு கேற்றைத் திறந்துகொண்டு வந்து, முற்றத்தில் நின்றவரைக் கண்டதும் கேத்தலைக் கைநழுவ விட்டபோதுதான். மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், முதல் தேத்தண்ணி அயல் வீட்டிலிருந்துதான் போகவேண்டும் என்பது சாய்ந்தமருதில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத வழக்கம். சரீபா அதில் ஒருநாளும் பிந்தினவள் இல்லை. தேத்தண்ணி மணலில் ஓடிக்கொண்டிருக்க அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அல்லாஹ்வே! நீங்க இரிக்கீங்களா காக்கா?"

"இரிக்காம? என்னகா கத இது?"

"உங்கட நம்பர்ல இருந்துதானே ஜனாஸா அறிவித்தல் வந்த. ஆர் எண்டு பேரில்ல. தட்டித் தட்டிப் பாக்கன், போன்ல திறக்குதுமில்ல. நான் நீங்கதான் எண்டு நெனச்சிட்டன்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, கேற்றுக்கு வெளியே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. தொப்பி போட்டவர்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு த்ரீவீல், அதற்குள் அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள். கபூர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அறைக்குள் செத்துக்கிடப்பது தானல்ல, கணினி என்பதை இந்த மனிதர்களுக்கு எந்த வாயால் சொல்வது?

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அது நடந்திருந்தது. கபூருக்குக் கல்முனை பஸாரில் கயிறும் பெயின்ரும் விற்கும் கடை. சனிக்கிழமையில் ஆறுதலாகத்தான் திறப்பார். மனைவி ஜெனூபா பாடசாலையில் கணினிப் பாடம் படிப்பிக்கிற டீச்சர். மேலதிக வகுப்புக்குப் போயிருந்தாள். போனின் சின்ன எழுத்தோடு கண் மல்லுக்கட்டுவதால், வட்ஸ்அப்பைக் கணினியில் பெரிதாகத் திறந்துவைத்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். அப்போதுதான் மருதமுனைக் கூட்டாளி முனாபின் பெயரில் 'ஜனாஸா அறிவித்தல்' என்று ஒரு பைல் வந்தது. மற்றச் செய்திகளைப் பிறகு பார்க்கலாம், இதைப் பார்க்காமல் விடலாமா? நல்லடக்கம் லுஹர் தொழுகையோடா அஸர் தொழுகையோடா என்று தெரியாமல் கடையைத் திறந்து குந்தியிருந்தால், நாளைக்கு அந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி முழிப்பது? கபூர் "இன்னா லில்லாஹி" என்று சொல்லிக்கொண்டே அதை விரலால் அமர்த்தினார். கணினி இங்கிலீசில் ஏதோ கேட்டது. ஓம் என்பதையும் அமர்த்தினார். மௌத்தானவரின் பெயர் வரவில்லை. கொஞ்ச நேரம் செல்லத் திரை கறுத்து, சிவப்பு எழுத்து வந்தது. உன் பைல்களை எல்லாம் பூட்டிவிட்டோம், திறக்கவேண்டுமென்றால் பணம் அனுப்பு என்று. அந்தளவு இங்கிலீசு அவருக்கும் விளங்கும்.

கடைக் கணக்குப் போனால் போகட்டும். கபூர் பதறியது வேறொன்றை நினைத்து. அந்தக் கணினிக்குள் பஸ்னா இருந்தாள். அவர்களுடைய மூத்த பிள்ளை. சுனாமியில் கடற்கரையோர வீட்டோடு போனவள். வீட்டோடு அல்பங்களும் போனதால், பிள்ளையின் முகம் என்று கையில் வைத்துப் பார்க்க ஒரு படம்கூட மிஞ்சவில்லை. வருசங்கள் கழித்து, மச்சினன் ஒருவரின் கலியாண வீடியோக் கசற் அகப்பட்டது. அதில், பெண்வீட்டு நிலைவாசலால் மஞ்சள் சட்டையோடு ஒரு பிள்ளை ஓடிவரும். கையில் தொதல் இனிப்புத் துண்டு. கமராவைக் கண்டதும் நின்று, நாக்கை நீட்டிவிட்டு, ஆட்களுக்குள் மறைந்துவிடும். அவ்வளவுதான். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகக் கபூர் எத்தனை முறை அந்தக் கலியாணத்துக்குப் போயிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. கசற்றைக் கொடுத்துக் கணினிக்கு மாற்றி எடுத்தவள் ஜெனூபாதான். பிறகு கசற் பூஞ்சணம் பிடித்துப் போனது.

இப்போது வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். உயிரோடு நிற்கும் கபூரைத் தொட்டுப் பார்த்தவர்களும், சிரித்தவர்களும், "அப்ப ஆர் மௌத்து?" என்று விடாமல் கேட்டவர்களுமாக முற்றம் சந்தையானது. அந்த நேரம் பார்த்து ஜெனூபாவின் ஸ்கூட்டி ஒழுங்கையால் திரும்பியது. தன் வீட்டு வாசலில் தொப்பிகளும் கதிரைகளும். அவள் ஸ்கூட்டியை ஸ்டாண்டில் போடவில்லை. அப்படியே விட்டாள், அது மதிலில் சாய்ந்தது. ஆட்களை விலத்திக்கொண்டு வந்தவள் கபூரைக் கண்டாள். இத்தனை பேருக்கு முன்னால் ஒருநாளும் செய்யாத வேலையாக, அவருடைய தோளை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்த பிடி வலித்தது. பிறகு மூச்சு விட்டாள்.

"என்ன நடந்த?"

"ஜெனூபா, முனாப் ஒரு அறிவித்தல் அனுப்பின. நான் திறந்த..."

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் முகம் மாறியதைக் கபூர் பார்த்தார். பயந்த பெண்ணின் முகம் போய், வகுப்புக்குள் நுழையும் டீச்சரின் முகம் வந்தது. நேரே அறைக்குள் போனாள். முதலில் இன்ரநெற் வயரைக் கழற்றினாள். சிவப்புத் திரையைப் போனில் படம் பிடித்தாள், முறைப்பாட்டுக்கு வேண்டும் என்று. பிறகு கபூரின் போனை வாங்கி, வட்ஸ்அப்போடு தொடுத்திருந்த கணினியை அதிலிருந்து வெட்டிவிட்டாள். இதெல்லாம் சரீபா சிந்திய தேத்தண்ணி காய்வதற்குள் நடந்தது. கபூர் கதவோரம் நின்று பார்த்தார். இவ்வளவு கலவரத்துக்குள்ளும் இந்த மனுசி ஒன்றையும் மறக்கவில்லையே என்று, அந்தப் பதற்றத்திலும் அவருக்குப் பெருமையாக இருந்தது.

வெளியே வந்தவள் கூட்டத்தைக் கலைக்கவில்லை. கதிரைகள்தான் வந்துவிட்டனவே, எல்லோரையும் இருக்கச் சொன்னாள்.

"இஞ்ச கேளுங்க. மௌத்து ஒண்டுமில்ல. அறிவித்தல் எண்டு வந்தது களவுப் பைல். போன்ல திறக்காது, கொம்பியூட்டர்லதான் வேலயக் காட்டும். வீட்டுல திறந்தவங்க இரிந்தா இப்பவே கோல் எடுத்து வயரக் கழட்டச் சொல்லுங்க. திறக்காதவங்க அழிச்சிருங்க, ஆருக்கும் அனுப்ப வேணாம்."

"டீச்சர், தெரிஞ்ச ஆள்ற நம்பர்லதானே வந்த?" என்றார் த்ரீவீல்காரர்.

"தெரிஞ்ச ஆள்தான். ஆனா அனுப்பின அவரில்ல. அவரும் எங்கட இவரப் போல ஒண்டத் திறந்திருப்பாரு. திறந்தா அது தானாவே அவங்கட நம்பர்ல இருந்து எல்லாருக்கும் போயிரும். பள்ளிவாசல் மைக்குல சொல்லாத ஜனாஸா இந்த ஊருல இரிக்கா? ஒரு கோல் எடுத்து, ஆர் மௌத்து எண்டு கேட்டா முடிஞ்சிது. இனி எது வந்தாலும் அப்பிடித்தான். முதல்ல கோல், பொறகுதான் திறக்கிற."

மைக் என்றதும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த யோசனை ஒருத்தருக்கும் வரவில்லை. மருதமுனைக்குக் கோல் போனது. முனாப் பாவம், அவருடைய வாசலிலும் கதிரை இறங்கிக்கொண்டிருந்ததாம். சிலர் சிரித்துக்கொண்டு போனார்கள், சிலர் வட்ஸ்அப்புக்கு இன்னொரு இரகசிய இலக்கம் போடுவதை ஜெனூபாவிடமே போட்டுவாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறந்த திகதியைக் கொடுத்த ஒருவருக்கு நல்ல ஏச்சு விழுந்தது.

ஆட்கள் போனபிறகுதான் கபூர் வாய் திறந்தார். கணினியின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் ஜெனூபா எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்து, கழற்றி, அலுமாரியில் வைப்பாள். நேற்றுக் கழற்றி வைக்கும் பொறுப்பைக் கபூரிடம் விட்டிருந்தாள். அவர் கழற்றவில்லை. பஸ்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், அப்படியே விட்டுவிட்டார்.

"அதுவும் போச்சா?" என்றார்.

ஜெனூபா தொட்டுப் பார்க்கவே இல்லை. "தொடுத்து இரிந்ததெல்லாம் போயிரிக்கும்" என்றாள்.

கபூர் கட்டிலில் இருந்துவிட்டார். பிள்ளையை முதல் தடவை கடல் கொண்டுபோனது. இந்தத் தடவை தன் விரலால் தானே கொடுத்துவிட்டதாக நினைத்தார். அழுகை வந்தது, அடக்கவில்லை. ஜெனூபா பக்கத்தில் வந்து இருந்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"மாவடிப்பள்ளியில ஒண்டு இரிக்கி" என்றாள். "தங்கச்சி வீட்டுல. கடலுக்குப் பயந்து அங்க வச்ச. அங்கயும் வெள்ளம் வரும் எண்டு மேல்மாடி அலுமாரியில வச்ச."

கபூர் நிமிர்ந்தார். "இப்பவே போவமா?"

"இப்ப எடுத்து எதுல போடுற? இதுக்குள்ளயா? ஊத்தச் சட்டியில பால ஊத்துவீங்களா?"

அவளுடைய பிடிவாதம் கபூருக்குப் புதிதல்ல. அந்தக் கணினி வந்த நாளிலிருந்து அவர் கேலி செய்யாத நாளில்லை. உப்புக்காற்று பிடிக்குமென்று அதற்குத் துணி தைத்துப் போர்த்தியவளைப் பார்த்து, புதுப்பொண்ணுக்குக்கூட இந்தக் கவனிப்பில்லை என்பார். கடையிலிருந்து நல்ல பெயின்ர் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே விசிறியின் தூசியைத் தட்டுவாள். இடி முழங்கினால் சோற்றை விட்டு எழும்பிப்போய் பிளக்கைக் கழற்றுவாள். கணினி புதுசாக ஏதாவது இறக்கவேண்டும் என்று கேட்டால், இவர் பிறகு பிறகு என்று தள்ளுவதை, அவள் இருந்து இறக்கிவிட்டுத்தான் எழும்புவாள். எல்லாம் வேலையில்லாத வேலை என்றிருந்தார். மகன் றிஸ்மி கொழும்பிலிருந்து வந்தால் வாப்பாவும் மகனுமாகச் சேர்ந்து சிரிப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே தூசி தட்டுவாள். மனுசன் எவ்வளவு மடையனாக இருக்கலாம் என்பதற்குத் தன்னைவிட வேறு ஆளைத் தேடவேண்டியதில்லை என்று கபூருக்கு இப்போது பட்டது.

அன்று முழுக்க அவள் கணினியை விட்டு எழும்பவில்லை. கணக்குகளின் பாஸ்வேர்ட்டை எல்லாம் தன் போனிலிருந்து மாற்றினாள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. கணினியை அடியோடு துடைத்து, பாடசாலையிலிருந்து கொண்டுவந்த பென் ட்ரைவில் இருந்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாள். கபூர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சீனி கூடிவிட்டது, அதையும் குடித்தாள். "ஆகிட்டா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "இல்ல" என்றாள். புதிதாக்கிய கணினியில் கபூருக்கென்று தனியாக ஒரு வாசல் வைத்தாள். அந்த வாசலால் எதையும் பார்க்கலாம், ஆனால் அவளுடைய பாஸ்வேர்ட் இல்லாமல் ஒன்றையும் உள்ளே இறக்க முடியாது. இன்னொரு நாளாக இருந்தால் கபூர் சண்டைக்குப் போயிருப்பார்.

ஞாயிறு காலை காரைதீவுச் சந்தியால் திரும்பி மாவடிப்பள்ளிக்குப் போனார்கள். தங்கச்சி பாஹிமா மேல்மாடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தந்தாள். உள்ளே துணியில் சுற்றிய பெட்டி. திரும்பி வரும் வழியெல்லாம் கபூர் ஸ்கூட்டியின் பின்னால் அதை மடியில் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். இருபுறமும் வயல் கதிர் முற்றி நின்றது, அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் அவள் உடனே திறக்கவிடவில்லை. பெட்டியைத் தொடுத்து, நோயிருக்கிறதா என்று கணினியை ஒருமுறை தேடவிட்டாள். பிறகு உள்ளே பிரதி எடுத்தாள். பெட்டியைக் கழற்றித் தன் கையாலேயே டின்னுக்குள் வைத்து மூடினாள். அதன்பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள், திறந்து பார்க்காத பிரதி பிரதியில்லை என்று சொல்லிக்கொண்டு. கடைக் கணக்கு திறந்தது. றிஸ்மியின் சான்றிதழ்கள் திறந்தன. கலியாண வீடியோவுக்கு வந்ததும் அவளுடைய கை நின்றது.

"இத நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று எழும்பினாள்.

"ஏன், நீயே பாரன்?"

"நான் எப்பவும் தொடக்கத்த மட்டுந்தான் பாக்கிற. ஓடுதா எண்டு பாத்திட்டு மூடிருவன்."

கபூருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வெள்ளிக்கிழமைகள். கடல் எட்டாத ஊரில் ஒன்று, வெள்ளம் எட்டாத மாடியில் என்று பார்த்துப் பார்த்துக் காத்தவள், ஒரு நாளும் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவர் மட்டும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர் வீடியோவை ஓடவிட்டார். பந்தல், வாழைக்குலை, முகம் கழுவிக்கொண்டு வரும் ஆட்கள். ஜெனூபா கதிரைக்குப் பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கலியாண வீட்டுச் சத்தம் அறையை நிரப்பியது.

"ஓடுதா?"

"ஓடுது."

"புள்ள வந்துட்டாவா?"

"இன்னும் இல்ல" என்றார் கபூர். "இப்ப வருவா."

கமரா மாப்பிள்ளையை விட்டு மெல்லத் திரும்பி நிலைவாசலைப் பிடித்தது. வாசலில் இன்னும் ஒருவரும் இல்லை. வெயில் மட்டும் விழுந்து கிடந்தது. கபூரின் தோளில் ஜெனூபாவின் கை வந்து விழுந்தது. நேற்றுப் பிடித்த அதே பிடி. உள்ளேயிருந்து ஓடிவரும் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. அவள் திரும்பினாள்.