கரிகாலனைப் பற்றி ஒரு விசாரிப்பு

என் தம்பி கரிகாலன் பந்து உதைப்பவன். நமக்குத் தெரிந்த உதைபந்தாட்டம் இல்லை, தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துகிற அமெரிக்கன் ஃபுட்பால். ஆட்டத்தின் முக்கால்வாசி நேரம் அவன் ஓரத்தில் வாங்குப் பலகையில் இருப்பான். உதைக்கிற கட்டம் வந்தால் எழும்பிப் போய் உதைத்துவிட்டு, திரும்பி வந்து அதே வாங்கில் இருப்பான். இதற்காக ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் அவனைக் கூப்பிட்டு இலவசமாகப் படிப்பிக்கிறது என்று சொன்னபோது பாரிசில் எங்கள் சனம் கூடுகிற லாச்சப்பலில் ஒருவரும் நம்பவில்லை. நானே அரைகுறையாகத்தான் நம்பினேன்.

அங்கே ஏப்ரல் கடைசியில் ஒரு தெரிவு நடக்கும். பெரிய கழகங்கள் எல்லாம் முறை வைத்து, கல்லூரி ஆட்டக்காரர்களில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். ஏழு சுற்று. ஒரு கழகத்துக்கு உதைப்பவன் இல்லை, ஐந்தாம் சுற்றில் கரிகாலனைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்று அவனுடைய முகவர் அடித்துச் சொல்லியிருந்தார். அந்தச் சுற்று சனிக்கிழமை மாலை. நான் குடியிருக்கும் பியர்ஃபித்திலிருந்து நேரே அம்மா வேலை செய்யும் கடைக்குப் போனேன்.

ரூ பிலிப்-து-ஜிராரில் இருக்கும் சிற்றுண்டிக் கடை அது. முதலாளி அன்றைக்குத் தொலைக்காட்சியில் பாட்டை நிறுத்திவிட்டு இதைப் போட்டிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா ரோல்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தா. அப்பா போய்ச் சேர்ந்தபிறகு கார்ஜில் எங்கள் பழைய வீட்டில் தனியே இருக்கிற மனுஷி. நாலு பேர் நடுவில் அவவைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கழகத்தின் முறை வந்தது. பெயரைச் சொன்னார்கள். உதைப்பவன்தான், ஆனால் வேறு யாரோ ஒருவன்.

முதலாளி சத்தத்தைக் குறைத்தார். யாரோ ஒருவர், இன்னும் சுற்று இருக்குத்தானே என்றார். அவருக்கு இந்த விளையாட்டில் பந்து நீளமா வட்டமா என்றுகூடத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கரிகாலன் எனக்குப் போன் எடுத்தான். என்னோடு எப்போதும் பிரெஞ்சில்தான் பேசுவான். முகவர் அந்தக் கழகத்தோடு கதைத்தாராம். எடுப்பதற்கு முன்னால் பிள்ளை வளர்ந்த இடத்திலும் ஆள் விட்டு விசாரிப்பது அவர்களுடைய வழக்கம், அது எனக்கு முன்பே தெரியும். பாரிசில் விசாரித்தபோது, இவனுக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்று நெருங்கிய ஒருவர் சொல்லிவிட்டாராம். யார் சொன்னது என்று முகவர் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆறாம் சுற்றில் இன்னொரு கழகம் இவனைப் பார்க்கிறது, அதற்குள் இது பொய் என்று காட்டிவிட்டால் வழி உண்டு. மூச்சு விடாமல் சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தான்.

நான் கொதித்துப்போனேன். எந்த எரிச்சல் பிடித்த சனம் செய்த வேலை இது என்று கடைக்கு நடுவில் நின்று சத்தம் போட்டேன். எங்களோடு கோபமான ஆட்களையெல்லாம் பெயர் சொல்லித் திட்டினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. ரோல்ஸ் தட்டை மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து, பின்னால் சமையல் நடக்கிற குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனா.

"அது கலியாணத்துக்கெண்டெல்லோ நான் நினைச்சன்" என்றா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அம்மா சொல்லச் சொல்ல, இது விளங்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

ரொபேர் என்று ஒருவர் பங்குனியில் கடைக்கு வந்திருக்கிறார். பாண்டிச்சேரிக்காரர், பொலிசில் இருந்து ஓய்வு பெற்றவர். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, நீங்கள்தானே கரிகாலனின் அம்மா என்று கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் ஒரு பெரிய இடத்துக்குத் தம்பியை நன்றாகப் பிடித்திருக்கிறதாம், முடிவு செய்வதற்கு முன் விசாரிக்கச் சொன்னார்களாம். யார் என்ன என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லையாம். குடிப்பானா, கோபம் வருமா, எப்படிப்பட்ட சிநேகிதர்கள், உடம்பில் ஏதும் வருத்தம் உண்டா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

"கழகம் ஆள் விட்டு விசாரிக்கும் எண்டு நான் உங்களுக்குச் சொன்னனான்தானே அம்மா?"

"பந்து உதைக்கிறதுக்கு ஆர் பிள்ளை குணம் விசாரிப்பினம்?"

எங்கள் சனத்தில் வருத்தம் உண்டா, கோபம் வருமா என்று வெளியாள் வந்து கேட்டால் அது கலியாணத்துக்குத்தான். அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி, முடிவானால் பிள்ளை பிறகு இங்கே வருவானா என்று. "அங்கேயேதாம்மா இருப்பாரு. வருஷத்துக்கு ஒரு தடவ லீவுல வரலாம்" என்றிருக்கிறார் ரொபேர். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

பெண் வீட்டார் பின்வாங்கவேண்டும் என்று கலியாணத்தைக் குழப்புகிறவர்கள் என்ன சொல்வார்களோ அதை அம்மா சொல்லியிருக்கிறா. சின்னனில் வலிப்பு வந்தது. இப்போதும் இடைக்கிடை நித்திரையில் வரும். அது அவனுக்கே தெரியாது.

எதிராளிகள் செய்வதைப் பெற்ற தாய் செய்திருக்கிறா. சரி, இப்போதே தம்பிக்கு எடுத்து நடந்ததைச் சொல்லுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். அம்மா தலையாட்டினா.

அதற்குள் அவனே எடுத்துவிட்டான். சொன்னது யார் என்று முகவர் கேட்டு அறிந்துவிட்டாராம். அம்மாவிடம் கொடு என்றான். நான் ஒலிபெருக்கியைப் போட்டு, சொல்லுங்கள் என்று அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன்.

அம்மாவோடு பேசும்போது மட்டும் அவன் தமிழுக்கு வருவான். "அம்மா, எனக்கு நித்திரையிலை வலிப்பு வாறதோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

கோபமே இல்லை அவன் குரலில். பயந்துபோயிருந்தான். அப்படி ஒன்றை அவன் நம்பிவிடுவான் என்று நான் நினைக்கவே இல்லை.

அம்மா வாயைத் திறந்தா. அதற்குள் அவன் அழத் தொடங்கிவிட்டான். "எனக்குத் தனியப் படுக்கப் பயமாயிருக்கு. நான் வீட்டை வரட்டோ?"

அம்மாவின் முகம் மாறியதை நான் கண்ணால் கண்டேன்.

"ஓம் அப்பன்" என்றா. "இடைக்கிடைதான் வாறது. பயப்பிடாதை. நீ வீட்டை வா, நான் பக்கத்திலை இருந்து பாத்துக்கொள்ளுறன்."

நான் போனைப் பறித்தேன். அது பொய், உனக்கு ஒன்றும் இல்லை, கலியாணம் என்று நினைத்து அம்மா இட்டுக்கட்டிய கதை, உடனே முகவருக்கு எடு என்று பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினேன். கடைக்குள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தொலைக்காட்சியில் ஆறாம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எனக்காகச் சொல்லுறாய் எண்டு தெரியும் அக்கா" என்றான். "அம்மா பொய் சொல்லமாட்டா."