விடைக்குறிப்பில் செத்தவள்

விடைத்தாள் திருத்த வந்த நான்காம் நாள். ஆசிரியைக்குக் கழுத்து கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. எந்தத் தாளை எடுத்தாலும் அதே திகில் நாவல்தான்: மலைமேல் மாளிகை, மனைவியை அறைக்குள் பூட்டி வைக்கும் எஜமான், முப்பது வருடம் அவனுடைய சாவிக்கொத்தைச் சுமந்த வேலைக்காரி. கடைசியில் மாளிகை பற்றி எரியும்.

வேலைக்காரியின் குணத்தைக் கொண்டு நாவலின் கருப்பொருளை விளக்க வேண்டும். பதினைந்து மதிப்பெண். அவள் எஜமானோடு தீயில் மாண்டாள், ஆகவே கருப்பொருள் விசுவாசம் என்று அன்றைய தாள்கட்டில் முதல் அறுபது பேரும் ஒரே வாயாக எழுதியிருந்தார்கள். விடைக்குறிப்பும் அதையே சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு போடலாம்.

அறுபத்தொன்றாவது தாள் மட்டும் வம்புக்கு வந்தது. 'அவள் சாகவில்லை. வாசலிலேயே சாவிகளைப் போட்டுவிட்டு மலையிறங்கிப் போகிறாள். அவளுக்கு அலுத்துவிட்டது. இந்த மாளிகையில் ஆளைத் தின்னும் பேய் என்பது வேலைதான்' என்று எழுதியிருந்தது. குறிப்பின்படி இதற்குப் பூஜ்யம். மற்ற விடைகளைக் கூட்டினால் முப்பத்தொன்று. தேறுவதற்கு நாற்பது வேண்டும்.

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தாள். பதினான்கு வருடத்துக்கு முன்பு இந்த நாவலுக்கு ஒரு கையேடு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். மடியில் காய்ச்சலோடு குழந்தை, மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். மாளிகை பற்றிக்கொண்ட இடத்தில் புத்தகத்தை மூடினாள். வேலைக்காரி எங்கே போகப்போகிறாள், எரிந்துதான் போயிருப்பாள் என்று கொன்றுவிட்டாள். கையேட்டில் எழுதியவள் பெயர் இல்லை. விடைக்குறிப்பு தயாரித்த புண்ணியவான் அதைப் பார்த்தே எழுதியிருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டு பூஜ்யம் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கை வரவில்லை. கீழே கல்லூரி நூலகத்துக்குப் போய் நாவலை எடுத்தாள். முதல் பக்கங்கள் விரல் பட்டுக் கறுத்திருந்தன, கடைசிப் பக்கங்கள் புத்தம் புதிதாக இருந்தன. நின்றபடியே படித்தாள். வேலைக்காரி சாகவில்லை.

தலைமைத் தேர்வாளர் முன்னால் பக்கத்தைப் பிரித்து வைத்தாள்.

"குறிப்பு தப்பு சார். இந்தப் பிள்ளை எழுதினதுதான் சரி."

"இத்தனை வருஷமா எல்லாரும் இப்படித்தானேம்மா எழுதறாங்க?"

"கையேட்டுல அப்படி இருக்கு சார். அதை எழுதினது நான்தான். கடைசி இருபது பக்கம் படிக்காம எழுதிட்டேன்."

சொன்ன பிறகு பாரம் குறையும் என்பார்கள். அவளுக்கு வெட்கம்தான் வந்தது, நிற்கக்கூட முடியாத வெட்கம்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "இங்க வேற யாராவது கடைசி வரைக்கும் படிச்சிருக்கீங்களா?"

முப்பது தலைகளும் விடைத்தாளுக்குள் புகுந்துகொண்டன.

"இதுவரைக்கும் நாலாயிரம் தாள் திருத்தியாச்சு. கையேட்டை நம்பினதுக்குப் பிள்ளைங்கள ஃபெயிலாக்க முடியுமா? ரெண்டுக்கும் மார்க் போடுங்க. செத்தாலும் சரி, பிழைச்சாலும் சரி. உங்க விஷயத்த ஒரு கடுதாசியில எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"அக்கா, கம்முனு இருந்திருக்கலாம்ல?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி, திட்டாமல், நிஜமான இரக்கத்தோடு.

ஆசிரியை அந்தத் தாளுக்குப் பதினைந்தும் போட்டாள். நாற்பத்தாறு. அந்தப் பிள்ளை தேறிவிட்டது. தாள்கட்டில் இன்னும் முப்பத்தொன்பது தாள் இருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதில் வேலைக்காரி விசுவாசமாக எரிந்துகொண்டிருந்தாள். அதற்கு அடுத்ததிலும். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு போட்டுக்கொண்டே போனாள்.