டெரெக்குக்கு வலது பக்கம்

குடலிறக்க ஆபரேஷனுக்காக நான் நான்கு வாரம் வீட்டில் கிடந்தேன். அந்த நான்கு வாரத்தில் என் இடம் பறிபோனது. பஸ் டிப்போ வேலையைச் சொல்லவில்லை, அந்த வேலைக்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள். நான் சொல்வது பிளாக் ஸ்வான் பப்பில், காசு போட்டு ஆடும் வினா மெஷின் முன்னால், டெரெக்குக்கு வலது பக்கம் இருந்த இடத்தை.

சிகரெட் மெஷினுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவே அந்தப் பெட்டியைச் சொருகி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர்தான் நிற்கலாம். மூன்றாவது ஆள் பின்னால் நின்றால், போகிறவன் வருகிறவன் எல்லாம் இடித்துக்கொண்டு போவான்.

ஆறு வருடமாக வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு நானும் டெரெக்கும் அங்கே ஆஜர். மற்றவர்கள் கால்பந்துக் கேள்வி, சினிமாக் கேள்வி என்று அலைவார்கள். நாங்கள் சொல் ஆட்டம் மட்டும்தான். திரையில் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போடும். ஒளிந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடித்து, நேரம் முடிவதற்குள் எழுத்தெழுத்தாகத் தொட வேண்டும். நான் சொல்வேன், டெரெக் தொடுவான். மொத்தம் பத்துப் படி. பத்தாவதில் மட்டும் ஒரு வக்கிரம் வைத்திருக்கிறார்கள். ஒன்பது எழுத்தைக் காட்டிவிட்டு ஐந்தே வினாடி தருவார்கள். முழுச் சொல் வேண்டாம், அதன் முதல் எழுத்தைத் தொட்டால் போதும். தப்பினால் எல்லாம் போச்சு. அதற்கு நாங்கள் போனதே இல்லை. வெல்டிங் வேலை பார்த்துத் தடித்துப்போன டெரெக்கின் விரல் எட்டாவது படியிலேயே நேரத்தைக் குடித்துவிடும். அதைப் பற்றி நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நண்பன் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

திரும்பிப் போன அன்று என் இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"வாடா நெவ். தையல் பிரிச்சாச்சா?" என்றான் டெரெக். "இது லொரெய்ன். சூப்பர்மார்க்கெட்ல பில் போடுறாங்க. அந்த விரலைப் பாரேன், கண்ணால புடிக்க முடியாது."

"உங்களப் பத்தி நிறையச் சொல்லியிருக்காரு," என்றாள் அவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல சிரிப்பு. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சொல்வதும் அவள், தொடுவதும் அவள். டெரெக் இடது பக்கம் நின்று காசைப் போட்டுவிட்டு, "சபாஷ்," "அடேங்கப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆறு வருடத்தில் என்னிடம் ஒரு சபாஷ் சொன்னவனில்லை. நான் சொன்னால் "ம்" என்பான், அவ்வளவுதான். திரையின் பெயர்ப் பட்டியலில் உச்சத்தில் 'டெரெக் - லொரெய்ன்' என்றிருந்தது. 'டெரெக் - நெவ்' இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தது. என் வயிறு எரிந்தது. தையல் போட்ட இடம் இல்லை, அதற்கு மேலே.

பியர் பைண்டை எடுத்துக்கொண்டு பார் பக்கம் போனேன். பாலின் பதினெட்டு வருடமாக அந்த பாரை நடத்துகிறவள், யார் முகத்தையும் படித்துவிடுவாள்.

"டெரெக்கோட பொண்டாட்டியே வந்து பாத்துட்டு, நல்லா ஆடுறாங்கன்னு சொல்லிட்டுப் போனா. நீ ஏன், கண்ணு, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"எனக்கென்ன?"

"ஒண்ணுமில்லன்னா கிளாஸ மெதுவாப் புடி. உடைஞ்சிரப் போவுது."

அடுத்த செவ்வாய்க்கிழமை யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய் ஆடிப் பார்த்தேன். நானே பார்த்து நானே தொட்டதில் நான்காவது படியோடு சரி. பாலின் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமைகளை விடவும் மனம் வரவில்லை. போவேன், அவர்களுக்குப் பின்னால் நின்று இரண்டு தோள்களுக்கு நடுவே திரையைப் பார்ப்பேன். "நீயும் சொல்லு நெவ்," என்பான் டெரெக். எனக்கு முன்பே தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டேன். அவளாகக் கண்டுபிடித்துவிட்டால் பற்றிக்கொண்டு வரும். கண்டுபிடிக்காமல் தோற்றால் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். ஐம்பத்தொரு வயதில் இப்படி ஒரு புத்தி எனக்கு.

மூன்றாவது வியாழன் அவர்கள் பத்தாவது படிக்குப் போய்விட்டார்கள்.

மெஷின் போட்ட கூச்சலில், சுவரிலிருந்த வட்டப் பலகையில் குட்டி ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள்கூட விளையாட்டை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். டெரெக்கின் கழுத்து சிவந்திருந்தது. நானும் அவனும் ஆறு வருடமாகக் கனவு கண்ட இடம். அங்கே அவன் என்னை விட்டுவிட்டு நிற்கிறான்.

ஒன்பது எழுத்து வந்து விழுந்தது. முதல் வினாடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ். ஏ-வைத் தொட்டால் போதும்.

லொரெய்னின் விரல் திரைக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. டெரெக் சட்டென்று திரும்பினான். அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"நெவ். சொல்லுடா."

"பி," என்றேன்.

அவள் பி-யைத் தொட்டாள். திரை சிவப்பானது. ஆம்புலன்ஸ் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, மெஷின் அடுத்த காசைக் கேட்டது.

ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனிக்கத்தான் செய்தது.

ஈட்டிக்காரர்களில் ஒருவன் ஆரம்பித்தான். "இது கஷ்டமா? எங்க வீட்டுப் பொடிசு ரோட்டுல பாத்தே சொல்லும்."

"உனக்கு எல்லாம் தெரியுமாக்கும்," என்றான் டெரெக். "இவன் சொல்லித் தப்பாப் போனது ஆறு வருஷத்துல இதான் முதல் தடவ. இவனுக்கே தெரியலன்னா அது கஷ்டமான சொல்லுதான். போய் ஈட்டிய எறி." என் முதுகில் ஒரு தட்டு தட்டினான். "விடுடா. என்ன குடிக்கிற?" பதிலுக்குக் காத்திராமல் பாருக்குப் போனான்.

லொரெய்ன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏ-வத் தொடத்தான் போனேன்," என்றாள். "ஆம்புலன்ஸ் மாதிரிதான் பட்டுச்சு."

"அப்ப ஏன் தொடல?"

"நீங்க பி-ன்னு சொன்னீங்களே." அதில் குத்தல் எதுவும் இல்லை. "முதல் நாளே டெரெக் சொல்லி வச்சிட்டாரு. நெவ் திரும்பி வருவான், அவன் ஒரு எழுத்தச் சொன்னா யோசிக்காத, உனக்கு வேற என்ன தோணுனாலும் சரி, அதத் தொடுன்னு. நீங்க வந்தா பத்தாவது படிக்குப் போயிரலாம்னு எப்பவும் உங்க பேச்சுத்தான். நானும் உங்க ஆபரேஷன் எப்ப முடியும்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். வேண்டுமென்றே சொன்னேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன். வரவில்லை.

"பின்னாடி நின்னா பாதி எழுத்து மறைஞ்சுரும்," என்றாள் அவள். "எனக்கு முன்னமே தோணிருக்கணும். இங்க வந்து நில்லுங்க, இது உங்க இடம்தானே." இடது பக்கம் நகர்ந்துகொண்டாள்.

டெரெக் மூன்று பைண்டுகளை நெஞ்சோடு அணைத்தபடி வந்தான். நாங்கள் நின்றிருந்ததைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இதத்தாண்டா நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். நெவ் கண்ணு, லொரெய்ன் விரலு. என் விரலால உனக்கு ஆறு வருஷம் நஷ்டம், எனக்குத் தெரியாதா? நான் பின்னாடி நின்னு குடிக்கிறேன், இடிக்கிறவன் என்னய இடிக்கட்டும்."

அவன் என் தோளுக்கு மேல் கையை நீட்டிக் காசைப் போட்டான். எழுத்துகள் வந்து விழுந்தன. அவள் விரலைத் தூக்கிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் என் வாயையே பார்த்தாள்.

நான் முதல் எழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தொட்டுவிட்டாள்.