இருங்கோ மாமி

ரொறன்ரோத் தமிழர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. கூட்டிக்கொண்டு போகப்படுகிறவர்கள் மற்ற வகை. முதல் வகையினருக்கு இங்கே வீடு உண்டு. இரண்டாவது வகையினர் வந்து நின்றுவிட்டுப் போகிறவர்கள். ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் இருந்த காலத்தில் நிலாணி முதல் வகை. இலண்டனிலிருந்து பெரியம்மா வந்தாலும் சென்னையிலிருந்து அப்பாவின் சிநேகிதர் வந்தாலும் கார் ஓட்டியது அவள்தான். அருவிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, திரும்பும் வழியில் கோப்பி வாங்கிக் கொடுத்து, அலுத்துப்போய், இனி அந்தத் தண்ணீரின் முகத்திலேயே விழிப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள்.

ஆகவே, விமான நிலையத்திலிருந்து பிக்கரிங்கிலிருக்கும் தன் வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டே தம்பி விதுர்சன், "அக்கா, சனிக்கிழமை உங்களை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எத்தினை கிழமை நிக்கிறீங்கள்?" என்று கேட்டான்.

"பாப்பம்" என்றாள்.

ஒரேயடியாக வந்துவிட்டேன், இனி எங்கும் போகப்போவதில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

நிலாணிக்கு முப்பத்தெட்டு வயது. கலியாணம் பற்றிக் கேட்டுக் கேட்டு உறவினர்களே களைத்துவிட்ட வயது. நான்கு வருடம் தென்கொரியாவில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தாள். போகும்போது அப்பா இருந்தார், மில்லிக்கன் வீடு இருந்தது. அடுத்த வருடமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். செத்த வீட்டுக்கு வந்து திரும்பியவள்தான், மறுபடி வரவில்லை. அதன் பிறகு வீட்டை விற்று, விதுர்சனும் அவன் மனைவி றஜிதாவும் பிக்கரிங்கில் புது வீடு வாங்கி, அம்மாவையும் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். எல்லாம் அவளையும் கேட்டுத்தான் நடந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

பிறகு அவளுக்கும் வெளிநாடு போதும் என்றாகிவிட்டது. படிப்பித்தல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வீடில்லாத ஊரில் நேரே வந்து இறங்க மனம் துணியாமல், ஐரோப்பா வழியாக, சிநேகிதர் வீடுகளில் தங்கித் தங்கி வந்தாள். குடும்ப வட்ஸ்அப்பில் ஈபிள் கோபுரத்தையும் றைன் நதியையும் போட்டாள். கடைசியில், "அடுத்தது ரொறன்ரோ!" என்று எழுதினாள். அங்கேதான் பிழை விட்டாள். இதுவும் சுற்றுலாவில் இன்னொரு தரிப்பு என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பயணத்தில் அவள் விருந்தாளியாக இருக்கும் கலையில் நன்றாகத் தேறியிருந்தாள். பாரிசில் சாம்பவி தன் கட்டிலைத் தந்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். வேண்டாம் என்றால் சண்டைக்கு வந்தாள். சுவிஸில் உள்ள பாசலில் தேனுகா வேலைக்கு லீவு போட்டுவிட்டு மூன்று கறியும் சொதியுமாகச் சமைத்துத் தள்ளினாள். இருவருக்கும் அவள்மேல் உயிர். அந்த அன்பில் அவளுக்கு மூச்சு முட்டியது. கொரியாவில் கூடப் படிப்பித்த டென்மார்க்காரன் கஸ்பர் மட்டும், சாவியைக் கையில் தந்து, பாணும் வெண்ணெயும் இருக்கும் இடத்தைக் காட்டி, "வியாழக்கிழமை குப்பை எடுப்பார்கள், தொட்டியைத் தெருவுக்குத் தள்ளி வை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். வந்தவளை வரவேற்கிற லட்சணமா இது என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் வியாழக்கிழமை அந்தத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது, பல வாரங்களுக்குப் பிறகு தான் ஓர் இடத்தில் வசிப்பதாக உணர்ந்தாள். காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

மற்ற வீடுகளில் பழகியது வேறு. விழிப்பு வந்தாலும் வீட்டுக்காரர் நடமாடும் சத்தம் கேட்கும்வரை கட்டிலிலேயே கிடப்பது. ஃபிரிட்ஜைத் திறக்குமுன் ஒரு வார்த்தை கேட்பது. எழுந்ததும் போர்வையை யாரும் படுக்காததுபோல மடித்து வைப்பது. பல் தேய்க்கும் பிறஷ்ஷைக் குளியலறையில் விடாமல், ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டுக்கொள்வது. தான் அங்கே நின்றதற்கு ஒரு சுவடும் தெரியக்கூடாது என்பதே இந்தக் கலையின் சாரம்.

தம்பி வீட்டில் இதெல்லாம் தேவைப்படாது என்று நினைத்தாள். றஜிதா அவளுக்காக மேல்மாடியில் அறை ஒழுங்கு செய்திருந்தாள். கட்டிலின்மேல் ஹோட்டலில் போலச் சுருட்டி வைத்த துவாய்கள். மேசையில், சின்னச் சட்டத்துக்குள், வைஃபை கடவுச்சொல். நிலாணி குசினிக்குப் போய்க் கத்தியை எடுத்ததும் றஜிதா ஓடிவந்து பறித்தாள்.

"ஐயோ மச்சாள், வையுங்கோ! வந்த இடத்தில ஆராவது வெங்காயம் உரிப்பினமோ?"

வந்த இடம். அந்தச் சொல் நிலாணிக்குச் சுருக்கென்று தைத்தது. றஜிதா அதை அத்தனை பிரியத்தோடு சொன்னதுதான் இன்னும் வலித்தது.

சனிக்கிழமை நயாகராவுக்குப் போனார்கள். அம்மாவும் வந்தார். விதுர்சன் அம்மாவையும் அவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தான். "ஆர் வந்தாலும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவம். அவவை விட்டிட்டு வாறேல்லை" என்று பெருமையாகச் சொன்னான். அம்மா படத்துக்குச் சிரித்தார். திரும்பும் வழியில் சொல்லிவிடலாம் என்று நிலாணி வாயைத் திறந்தாள். அதற்குள் அவன், "உங்கட பயணத் திகதியைச் சொன்னால்தான் அக்கா, நான் லீவுக்கு எழுதிப் போடலாம்" என்றான். அவள் வாயை மூடிக்கொண்டாள். இங்கேயே நிற்கிறேன் என்றால் இவர்கள் முகம் எப்படிப் போகும்? நல்ல முகம்தான் காட்டுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு கணம், ஒரேயொரு கணம், வேறொரு முகம் தெரிந்துவிட்டால்? அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை விதுர்சன் வேலைக்கு ரயில் பிடிக்கப் போய்விட்டான். பல் வைத்தியர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்யும் றஜிதாவும் புறப்பட்டுப் போனாள். நிலாணி கீழே இறங்கி வந்தபோது அம்மா, தெய்வநாயகி, குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கால் வைக்கவில்லை.

"தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ அம்மா?"

"றஜிதா பிளாஸ்க்கில ஊத்தி வைச்சிட்டுப் போனவ. ஆறிப்போச்சு."

"அப்ப புதுசாப் போடுங்கோவன்."

"அவ வந்து போடுவா பிள்ளை."

"அவ வர பின்னேரம் ஆகுமே!"

அம்மா கையைச் சட்டையில் துடைத்தார். கை ஈரமாக இருக்கவில்லை.

நிலாணிக்கு இது யாரென்றே விளங்கவில்லை. மில்லிக்கனில் மஃபின் தொழிற்சாலை வேலை முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றிய கையோடு மீன் வெட்டிய மனுசி இவர். பஸ்ஸில் தனியாகப் போய் இரண்டு கையிலும் மரக்கறிப் பை தூக்கி வந்தவர். அவருடைய குசினியில் யாராவது ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்தால் அன்றைக்கு வீடு இரண்டுபடும்.

நிலாணியே கேத்திலை வைத்தாள். அம்மா பக்கத்தில் வந்து நின்று, சிந்திய ஒவ்வொரு துளியையும் உடனுக்குடன் துடைத்தார்.

"றஜிதா ஏசுவாவோ?" என்று நிலாணி மெல்லக் கேட்டாள்.

"சீச்சீ! தங்கமான பிள்ளை. ஒரு சொல் சொல்லமாட்டா. நான் கரண்டியைத் தொட்டாலே ஓடி வந்திடுவா. 'இருங்கோ மாமி, இருங்கோ மாமி.' அவவின்ர தாய் அடுப்படியிலயே கிடந்து தேய்ஞ்சு செத்துப்போனவ. அதால என்னை ஒரு வேலைக்கும் விடமாட்டாவாம்." அம்மா துணியை மடித்து, இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்தார். "நானும் இருந்துகொண்டிருக்கிறன்."

தனது கண்ணாடியை அறையிலிருந்து எடுத்துவரச் சொன்னார். நிலாணி போனாள். போர்வை யாரும் படுக்காததுபோல மடிந்திருந்தது. அலுமாரியைத் திறந்தாள், இரண்டு குளிர் மேலங்கிகள் மட்டும் தொங்கின. மற்ற உடுப்பெல்லாம் கட்டிலோரத்தில் ஒரு சூட்கேசில், அடுக்கியபடி. சூட்கேசின்மேல் பிளாஸ்ரிக் உறைக்குள் பல் தேய்க்கும் பிறஷ், இன்னும் ஈரமாக. குளியலறை அறைக்கு எதிரேதான் இருந்தது.

நிலாணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இந்த அறையில் வேறு யார் வந்து நின்றாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒழுங்கான மனுசி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவளுக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாக அவள் வாழ்ந்த வாழ்க்கையை அம்மா மூன்று வருடமாக, சொந்த மகன் வீட்டில், வாழ்ந்துகொண்டிருந்தார். யார்மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தாள். றஜிதாமேல் கோபப்பட முடியவில்லை, தம்பிமேலும் முடியவில்லை. வாரம் தவறாமல் வீடியோவில் அந்த முகத்தைப் பார்த்து, "சுகமாயிருக்கிறீங்களோ?" என்று கேட்டு, "ஓம்" என்றதை நம்பிய தன்மேல்தான் கோபம் வந்தது.

கண்ணாடியோடு கீழே வந்தாள். இருவரும் மேசையில் எதிரெதிரே இருந்து தேநீர் குடித்தார்கள்.

"எப்ப பிள்ளை பயணம்?" என்று அம்மா கேட்டார்.

"நீங்களும் கேக்கத் தொடங்கிட்டீங்களோ?"

அம்மா கப்பைக் கீழே வைத்தார். பிறகு, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போறியே?"

"எங்கை அம்மா?"

"கொரியாவோ, வேற எங்கையோ. நீ நிக்கிற இடத்துக்கு. உனக்குச் சமைச்சுத் தருவன்."

"அம்மா, நான் எங்கயும் போகேல்லை. எல்லாம் முடிச்சுக்கொண்டு இஞ்ச நிக்கத்தான் வந்தனான். உங்கள் ஒருத்தருக்கும் சொல்லப் பயத்தில இருந்தனான்."

மகள் திரும்பி வரவேண்டும் என்று றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த தாய் அவர். இந்தச் செய்தியைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"இஞ்சயோ?" என்றார். "இந்த வீட்டிலயோ?"

இந்த வீட்டில் எனக்கும் ஓர் இடம் தாருங்கள் என்று கேட்கத்தான் நிலாணி இத்தனை நாளாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். இனி அதைத் தேட வேண்டியதில்லை என்று அந்தக் கணத்தில் தெரிந்தது.

"இந்த வீட்டில இல்லை. மில்லிக்கன் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட் பாப்பம். சின்னன்தான் கிடைக்கும். நீங்களும் வாங்கோ."

"விது என்ன சொல்லுவான்?"

"நான் கதைக்கிறன்."

"றஜிதா அழப்போறா."

"அழுவாதான். நாங்கள் அடிக்கடி வந்து போவம்."

"வாறன்" என்றார் அம்மா கடைசியில். "ஆனா பிள்ளை, நீயும் என்னை அங்க கொண்டுபோய் இருத்தி வைக்கக்கூடாது."

நிலாணி மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். எச்சில் கப்பைப் பெற்ற தாயிடம் நீட்டுவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. அவள் நீட்டினாள்.

"இந்தாங்கோ அம்மா," என்றாள், "கழுவுங்கோ."