கதவுக்குப் பக்கத்தில் நிற்பவர்

எங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தது நான்தான் என்று இந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. மறுக்க மாட்டேன். மனிதர் பம்பு கம்பெனியில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக் கால்மிதி கோணலாகக் கிடந்தால், அதைக் காலால் நேராக்கிவிட்டுத்தான் மணியை அழுத்துவார். அப்படிப்பட்டவரை வேறு என்னவென்று கூப்பிடுவது?

அவர் வீட்டு மேசையில் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று வருடக்கணக்காக உருவாகிக்கொண்டிருந்தது. பொம்மை என்று சொன்னால் முகம் சுண்டிவிடும். மாடல் என்று சொல்ல வேண்டும். நிஜக் கப்பலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அவருடைய அண்ணன் வாலிப வயதில் வேலை பார்த்த கப்பல் அது.

அதற்கு முன்பும் ஒன்று செய்தார். தங்கை வீட்டு விருந்தில், எல்லோரும் கூடியிருந்தபோது அண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்தார். அண்ணன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து சிரித்தார்.

"அளவு தப்புடா தம்பி. இவ்வளவு வசதியான கப்பல்ல நான் போனதே இல்ல!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. மில்லிமீட்டர் கப்பலைத் துணியில் சுற்றிக்கொண்டு, கை நனைக்காமல் வெளியேறிவிட்டார். எங்கே தப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "இனிமே ஒரு குறையும் சொல்ல முடியாதபடி செஞ்சு, அவர் கண்ணு முன்னால வைப்பேன். அதுவரைக்கும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று மனைவியிடம் சொன்னாராம். அண்ணன் இருந்தது இரண்டு தெரு தள்ளி.

நீர்மூழ்கிக் கப்பலின் வரைபடத்தைக் கடற்படை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாது. இருப்பது புகைப்படம்தான். அதிலிருந்து அளவு எடுக்க வேண்டுமென்றால், படத்துக்குள் அளவு தெரிந்த பொருள் ஏதாவது ஒன்று வேண்டும். அவரிடம் அப்படி ஒரு படம் இருந்தது. அண்ணன் கப்பலிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது. கப்பலின் நடுவே எழும்பி நிற்கும் கோபுரம், அதில் சின்ன இரும்புக் கதவு, கதவுக்குப் பக்கத்தில் தொப்பியோடு ஓர் ஆள். முகம் கடுகளவு. அவர்களுடைய அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாராம்.

"எங்கண்ணன் ஆறடிக்கு ஒரு விரல்தான் கம்மி" என்று மில்லிமீட்டர் எனக்கு விளக்கினார். "படத்துல அவர் உயரம் தெரிஞ்சுதுன்னா கதவு உயரம் தெரியும், அதை வெச்சு கோபுரம். முழுக் கப்பலும் தெரியற இன்னொரு படத்துல, கோபுரத்தை வெச்சு நீளம். எல்லாத்துக்கும் எங்கண்ணன்தான் ஸ்கேல்."

நான் தலையாட்டினேன். டீ வந்துகொண்டிருந்தது.

பேச்சுவார்த்தைதான் கிடையாதே தவிர, நாள் முழுக்க அண்ணனைத்தான் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வீட்டிலும் உடன்பிறந்தவனை இத்தனை உன்னிப்பாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் அண்ணி போன் செய்தார். அண்ணனுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது, பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, கப்பலைக் காட்டுவதென்றால் சீக்கிரம் வரச் சொல்லு என்று. மில்லிமீட்டரின் மனைவி போனை வைத்துவிட்டுக் கணவரிடம் போனாள். நான் சர்க்கரைக் கிண்ணத்தோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க."

"அடிப்பக்கத்துல தண்ணி வடியற ஓட்டைங்க இன்னும் பாக்கி."

"அவர் என்ன கவுத்துப் போட்டா பார்க்கப் போறாரு?"

"பார்ப்பாரு. உனக்கு அவரைத் தெரியாது."

ஓட்டைகள் முடிந்ததும் பெயிண்ட். முதல் பெயிண்டின் சாம்பல் நிறம் ஒரு பிடி கூடுதலாகிவிட்டது என்று சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் அடித்தார். கடைசியாக, கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை ஒட்டினார். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அண்ணன். ஓர் அங்குல உயரம்.

கொண்டுபோகிற அன்று பெட்டியின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று நானும் கிளம்பினேன். அவர் மனைவி சின்னதாகச் சிரித்தாள். "உங்களுக்கு ஏன் சிரமம்க்கா?" என்றாள். சிரமம் பார்த்தால் ஆகுமா!

அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பினார். எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, அலமாரியைப் பார்த்துச் சொன்னார்.

"வாடா. கோபமெல்லாம் தீர்ந்துதா?"

மில்லிமீட்டர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டியின் எடை முழுக்க என் கைக்கு வந்தது.

"இப்ப வெளிச்சமும் நிழலும்தான் தெரியுது" என்றார் அண்ணி மெதுவாக. "போன மாசம் வரைக்கும் ஆளைக் கண்டுபிடிச்சுடுவாரு."

போன மாதம்தான் இரண்டாவது பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

மில்லிமீட்டர் கப்பலை எடுத்து அண்ணனின் மடியில் வைத்தார். அண்ணன் இரண்டு கையாலும் தடவினார். அடிப்பக்கம் விரல் போனது. அந்த ஓட்டைகள் அவர் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. தம்பி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கோபுரத்தில் ஏறியது, கதவைக் கண்டுபிடித்தது, பக்கத்தில் நின்றவனைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"யாருடா இந்தக் குள்ளன்?"

"நீதாண்ணே."

"நானா? கதவு இவன் தலைக்கு மேல இருக்கு. விசில் அடிச்சுக்கிட்டு உள்ள போவான் போலிருக்கே! நான் அந்தக் கதவுல குனியாம போனதே இல்ல." நெற்றியைத் தொட்டுக் காட்டினார். முடிக்குக் கீழே, குறுக்காக, பழைய தழும்பு. "ராஸ்கல் கதவு. அவசரத்துல மறந்துட்டா டணார்னு இடிக்கும்."

"படத்துல நீ நிமிர்ந்துதானே நிக்கறே? அம்மா மாட்டி வெச்சிருந்த படம்."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"டேய், அந்தப் படத்தை எடுத்ததே நான்தான். நிக்கறது எங்க சமையல்காரன். என் தோள் வரைக்கும்தான் வருவான்."

மில்லிமீட்டர் குனிந்து அந்தச் சின்ன ஆளைப் பார்த்தார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"அம்மா அதைக் காட்டிக் காட்டிப் பெருமை பேசிக்கிட்டிருந்தா. அது நான் இல்லன்னு எந்த வாயால சொல்றது? சரி, நீயாவது கண்டுபிடிப்பேன்னு நினைச்சேன். அன்னிக்கு விருந்துல, 'எங்கே தப்புண்ணே?'ன்னு கேப்பேன்னு நினைச்சேன்."

சமையல்காரனை ஆறடி ஆளாக்கிவிட்டால் கதவும் வளரும், கோபுரமும் வளரும், கப்பலும் வளரும். இது எனக்கே புரிந்தது. மில்லிமீட்டருக்குப் புரியாமல் இருக்குமா? அத்தனை வருடமும் அவர் முதல் தப்பையே இன்னும் துல்லியமாகச் செய்திருக்கிறார். சரியான அளவு அண்ணனின் நெற்றியில் இருந்தது. இவர் பூதக்கண்ணாடியை வேறு ஆள் மேல் வைத்திருந்தார்.

"கப்பல் அழகா இருக்குடா" என்றார் அண்ணன், அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி. "வடிவத்துல ஒண்ணும் குறையில்ல. ஆளுதான் தப்பு. என்னைக் கொஞ்சம் பெரிசா செஞ்சு, குனிய வெச்சு நிறுத்திடு. கணக்கு சரியாயிடும் இல்ல?"

"ஆயிடும்ணே" என்றார் தம்பி. நகத்தால் அந்தச் சின்ன ஆளைப் பெயர்த்தெடுத்தார். "சும்மா ஞாபகத்துல இருக்கறதை வெச்சு செய்ய மாட்டேன். எழுந்து நில்லு. அளந்துக்கறேன்."

சட்டைப் பையில் டேப் இல்லாமல் அவர் பிறந்ததே இல்லை. அண்ணன் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார், அண்ணி ஒரு பக்கம் தாங்கினார். சுவரில் முதுகைச் சாய்த்தார். இடுப்பு சுவரைத் தொட்டது, தோள் தொடவில்லை. மூச்சை இழுத்து நிமிரப் பார்த்தார். தோளும் தலையும் முன்னால் வளைந்தது வளைந்தபடியே இருந்தன.

தம்பி குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை டேப்பை இழுத்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"எவ்வளவுடா?"

ஒரு மில்லிமீட்டரைக்கூட யாருக்காகவும் விட்டுக்கொடுக்காத மனிதர்.

"ஆறடிக்கு ஒரு விரல் கம்மிண்ணே" என்றார். "அப்படியேதான் இருக்கே."

அண்ணன் முகம் மலர்ந்துபோயிற்று.

டேப் சுருண்டு உள்ளே போவதற்குள் நான் எட்டிப் பார்த்துவிட்டேன். அந்தக் கதவில் இப்போது அவர் குனியாமலே நுழைந்துவிடுவார். டேப்பில் இருந்த எண்ணை இந்தத் தெருவில் இதுவரை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.