பதினொரு சதவீதம்

தம்பி மனைவியின் ரத்தத்தை அவள் மூன்றாம் முறையாக இயந்திரத்தில் ஏற்றினாள். ஆய்வகத்தில் பதினான்கு வருடம். ஒரு மாதிரியை மூன்று முறை பார்ப்பது அவள் வழக்கமல்ல. திரையில் கோடு அதே முகடாகத்தான் எழுந்தது. கருவில் இருக்கும்போது ஓடும் சிசு ஹீமோகுளோபின், இவளுக்குப் பதினொரு சதவீதம். வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றைத் தாண்டாது. கர்ப்பத்தில் கொஞ்சம் ஏறும், இந்த அளவுக்கு ஏறாது.

நான்காம் மாதம். இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் சோகை விட்டபாடில்லை. "பரம்பரையா வந்ததா இருக்கலாம், அவங்களுக்கு ஆபத்தில்லை. ஆனா புருஷனுக்கும் ரத்தத்துல குறை இருந்தா குழந்தைக்குத்தான் கஷ்டம்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

புருஷன் என்றால் அவள் தம்பி. இந்த இயந்திரம் வந்த அன்று ஓட்டிப் பார்க்கத் தன் ரத்தத்தையே கொடுத்தாள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறை, தனக்கு ஒன்றும் செய்யாது, பிள்ளைக்குப் போகலாம். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். முடிவுத் தாளைக் கிழித்துப்போட்டாள். பிறகு சர்க்கரை பார்ப்பதாகச் சொல்லிக் கணவன் ரத்தத்தையும் ஓட்டினாள், சுத்தமாக இருந்தது. அதோடு மூடிவிட்டாள். தம்பியை நினைக்கவே இல்லை.

மதியம் அவன் வந்தான்.

"ஊசின்னா எனக்கு ஆகாதுன்னு தெரியாதாக்கா? சோகை அவளுக்கு. நான் கடா மாதிரி இருக்கேன்."

"கடாவுக்கும் ரத்தம் எடுப்பாங்கடா. கையை நீட்டு."

"நம்ம வீட்ல யாருக்கு என்ன இருக்கு? அவ பக்கத்துச் சமாச்சாரத்தை என் தலையில கட்டாதே." அவன் எழுந்துவிட்டான்.

"எனக்கு இருக்கு" என்றாள்.

"என்னது?"

"குறை. ஒம்பது வருஷமாத் தெரியும். உனக்கும் இருக்கலாம்."

அவன் மெல்ல உட்கார்ந்தான். குளிர்பெட்டி உறுமி அடங்கியது.

"எனக்குப் பொண்ணு பார்க்க நீதானேக்கா முன்னாடி நின்னே?"

அவள் தலையசைத்தாள். அவன் சட்டைக் கையை மடித்து நீட்டினான். முதல் குத்தில் நரம்பு தப்பியது. அவளுக்கு அப்படி ஆனதே இல்லை. அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆறு நிமிடம். கோடு ஏறி இறங்கி, அவள் பயந்த இடத்தில் உயராமல் கடந்தது. சிசு வகையும் துளிதான்.

"உனக்கு இல்லைடா. குழந்தைக்குப் பயமில்லை."

அவன் சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"அவகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ இன்னிக்கு வீட்டுக்கு வராதேக்கா."